ஹிமேனாவின் திரும்பும் வாரம்

போஸ்லர் வீட்டில் யாரும் யாரையும் வாய்விட்டுப் புகழ்ந்த வரலாறு கிடையாது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எக்கார்ட் போஸ்லர், அன்னெக்ரெட்டிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதுகூட "உன்கூட இருந்தா சலிப்பு தட்டல" என்றுதான் சொன்னாராம். அந்தம்மா அதை இன்றைக்கும் பெரிய காதல் வசனம்போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெற்கு ஜெர்மனியில், ரோய்ட்லிங்கன் பக்கத்து ஷ்வேபிய ஜனங்களே இப்படித்தான். ஒரு நல்ல வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டால், பல்லைக் கடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். இது தெரியாமல், மெக்சிகோவின் புவெப்லா நகரத்திலிருந்து ஹிமேனா என்ற பதினாறு வயசுப் பெண், ஒரு வருஷப் பள்ளிப் பரிமாற்றத்தில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஹிமேனா வளர்ந்த வீடு வேறு மாதிரி. அங்கே அவள் தும்மினால்கூட "எங்க ராஜாத்தி எவ்வளவு அழகாத் தும்முறா பாரு" என்று நாலு பேர் கன்னத்தைக் கிள்ளுவார்கள். இங்கே காலை ஆறு இருபதுக்குப் பேருந்தைப் பிடித்து, ஜெர்மன் மொழியில் வேதியியல் படித்து, குப்பையை ஏழு விதமாகப் பிரித்துப் போட்டு, மாலை ஆறு மணிக்குப் ஆறிப்போன ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுப் படுத்தால், ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சபாஷ் கிடையாது.

மூன்றாவது வாரம் அவள் பொறுக்கமாட்டாமல் தன் ஊர் மொலேக் குழம்பைச் செய்து போட்டாள். இரண்டு நாள் வேலை அது. மிளகாய் வறுத்ததில் அன்னெக்ரெட் பால்கனியில் போய் நின்று இருமினார். எக்கார்ட் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், தட்டை ரொட்டியால் துடைத்தார், வாயைத் துடைத்தார். ஹிமேனா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"சாப்பிடலாம்" என்றார் எக்கார்ட்.

"ஆமா, சாப்பிடலாம்" என்றார் அன்னெக்ரெட்.

ஹிமேனா அறைக்குள் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி சொன்னாங்க?"

"சாப்பிடலாம்னாங்க."

"அப்படின்னா? விஷம் இல்லேங்கறாங்களா?"

"தெரியலம்மா."

"பாவி மக்க! என் குழந்தைக்கு ராத்திரி சூடா ஒரு வாய் சோறு கூடக் கிடையாது, இதுல பேச்சு வேற!"

எக்கார்ட் தன் வாழ்நாளில் எந்தச் சாப்பாட்டுக்கும் அதற்குமேல் ஒரு சொல் சொன்னதில்லை என்பது தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

வெறும் மனத்தாங்கல் என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். சங்கதி அதைவிடப் பெரிது. போஸ்லர் தம்பதி முதல் எட்டு வாரத்துக்குத்தான் ஹிமேனாவை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, பரிமாற்றச் சங்கத்திலிருந்து ஸைலர் அம்மா வந்து கேட்பார்: பெண் இங்கேயே இருக்கலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் வடகோடியில், குக்ஸ்ஹாவன் கடற்கரையில் இருக்கும் வேறொரு குடும்பத்துக்குப் போகவேண்டும். பள்ளி, சிநேகிதிகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஹிமேனாவுக்குப் போக மனசே இல்லை. சனிக்கிழமை காலையில் எக்கார்டுடன் காலிப் பாட்டில்களைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடப் போகும்போது அவர் பச்சைப் பாட்டில்களை எல்லாம் இவளிடம் கொடுத்துவிடுவார். பச்சைதான் உடையும்போது நல்ல சத்தம் வரும். குளிர் தொடங்கியதிலிருந்து, செர்ரிக் கொட்டை அடைத்த சின்னத் தலையணையைச் சூடாக்கி, அன்னெக்ரெட் தினமும் இவள் படுக்கையின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தச் சூட்டில் காலை வைத்துக்கொண்டு ஹிமேனா யோசிப்பாள்: இவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லையா? வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இந்த நிலைமையில்தான் அந்தப் பலகை வந்து தொங்கியது.

ஸைலர் அம்மா வருவதற்கு ஆறு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, ரொட்டிக்கடைக்குக் கிளம்பிய ஹிமேனா வாசல் கதவைச் சாத்தினாள். வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு மரப்பலகை ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பூ வரைந்து, நடுவில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல்: கேர்வோஹெ.

வோஹெ என்றால் வாரம். அது அவளுக்குத் தெரியும். கேர் என்றால் என்ன? போனை எடுத்து அகராதியில் தேடினாள். "கேரென்: திரும்புதல், திரும்பிச் செல்லுதல்" என்று வந்தது. அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. அவள் கீழே தள்ளிப் பார்க்கவில்லை.

திரும்பும் வாரம்!

சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாளே, இதோ சொல்லிவிட்டார்கள். அதுவும் பலகை எழுதி, பூப்போட்டு, ஊருக்கெல்லாம் தெரிய வாசலில். இன்னொன்றும் சட்டென்று நினைவுக்கு வந்தது. போன வாரம் முழுக்க இதே பலகை எதிர்வீட்டு நேகெலே அம்மா கதவில் தொங்கியது. உல்மிலிருந்து வந்து ஒரு மாதமாகத் தங்கியிருந்த அவருடைய தங்கை, சரியாக அதே வாரம்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

யாரையாவது கேட்டிருக்கலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? ஹிமேனா பலகையை ஓசைப்படாமல் கழற்றி நேகெலே அம்மா கதவிலேயே திருப்பி மாட்டிவிட்டு, பிரெட்ஸல் ரொட்டி வாங்கப் போனாள்.

உண்மையில் அது அந்த மாடியில் பெருக்கும் முறையைக் காட்டும் பலகை. ஒரு வாரம் நேகெலே அம்மா படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பார். முடித்ததும் பலகையை எதிர்வீட்டுக் கதவில் மாட்டுவார். அடுத்த வாரம் போஸ்லர் வீட்டு முறை. இரண்டு மாதமாகச் சுவருக்கு வண்ணம் அடிக்கும் வேலை நடந்ததால் முறை நின்றுபோயிருந்தது, அதனால்தான் போன வாரம்வரை ஹிமேனா கண்ணில் அது படவில்லை. வந்த பலகையைத் திருப்பி மாட்டுவது என்பது இந்தப் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையைத் தாம்பாளத்தோடு திருப்பி அனுப்புகிற மாதிரி. நீ பெருக்கின லட்சணம் போதாது என்று அர்த்தம்.

எழுபத்தாறு வயசு நேகெலே அம்மா தன் கதவில் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தைத் தொடுவது மகாபாவம் என்பதால் அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு படியையும் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். பலகையைப் போஸ்லர் கதவில் மாட்டினார். மதியம் இரண்டு மணிக்குப் பள்ளி விட்டு வந்த ஹிமேனா, "அடிப்பாவிங்களா, மறுபடியுமா!" என்று அதைக் கழற்றி எதிரில் மாட்டினாள். போஸ்லர் தம்பதி வேலை முடிந்து வரும்போது மணி ஐந்தாகும்.

புதன்கிழமை நேகெலே அம்மா முட்டிபோட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்தார். பலகை வந்தது, போனது. வெள்ளிக்கிழமை கைப்பிடிக் கம்பிக்கு மெழுகு போட்டார். பலகை வந்தது, போனது. நேரே கேட்டுவிடலாமே என்று நமக்குத் தோன்றும். முப்பத்தோரு வருஷ அண்டை வீட்டுக்காரர்கள் வாயால் சண்டை போட்டால் நன்றாகவா இருக்கும்?

"நேகெலே அம்மாவுக்கு என்ன ஆச்சு? இது நம்ம வாரம்ல?" என்று அன்னெக்ரெட் கேட்டார்.

"அவங்க கதவுலதானே தொங்குது" என்றார் எக்கார்ட். "பெருக்கறவங்களைப் போய் ஏன் தடுக்கணும்?"

இடைப்பட்ட நாட்களில் ஹிமேனா தன்னை ஒரு தங்கமான பெண்ணாக நிரூபிக்க இறங்கிவிட்டாள். கேட்காமலே பாத்திரம் தேய்த்தாள். எக்கார்டின் காலுறைகளுக்கு இஸ்திரி போட்டாள். தயிர் டப்பாவைக் கழுவி, துடைத்து, தலைவாரி அனுப்பாத குறையாகக் குப்பையில் போட்டாள். வியாழக்கிழமை, இஸ்திரி போட்ட கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனபோது, உள்ளே அன்னெக்ரெட்டின் குரல் கேட்டது.

"போகணும்னா போகட்டும். பிடிச்சு வெக்கவா முடியும்?"

ஹிமேனா கைக்குட்டைகளைத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை வந்தது. இரண்டரை மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. அன்னெக்ரெட் கதவைத் திறந்தார். பின்னால் எக்கார்ட், அவருக்குப் பின்னால் அழுவதற்குத் தயாராக ஹிமேனா. வாசலில் நின்றது ஸைலர் அம்மா இல்லை. பலகையை மார்போடு அணைத்தபடி நேகெலே அம்மா.

"போஸ்லரம்மா! முப்பத்தொரு வருஷமா உங்களை நான் ஒரு சொல் சொல்லியிருப்பேனா?"

"இல்லையே. என்னாச்சு?"

"மூணு தடவை! மூணு தடவை தேச்சேன்! பல் பிரஷ் வெச்சுத் தேச்சேன்! அப்பவும் திருப்பி மாட்டுறீங்களே, இன்னும் என்னதான் அழுக்கைக் கண்டீங்க? எங்கன்னு காட்டுங்க, நக்கியே எடுத்துடறேன்!"

"நாங்களா? நாங்க அதைத் தொடவே இல்லையே!"

"அப்போ பலகை என்ன, தானா நடந்து வந்துச்சா?"

சரியாக அப்போது ஸைலர் அம்மா கோப்பும் கையுமாகப் படியேறி வந்தார். பளபளவென்ற படியில் ஒரு கால் வழுக்கி, மெழுகு போட்ட கம்பியைப் பிடிக்கப் போய் அதுவும் வழுக்கி, ஒருவழியாக மேலே வந்து சேர்ந்து, "வணக்கம், நான் தப்பான நேரத்துல வந்துட்டேனோ?" என்றார்.

ஹிமேனாவுக்கு அணை உடைந்தது.

"நான்தான் மாட்டினேன்! எனக்குப் போக இஷ்டமில்ல! திரும்பும் வாரம்னு எழுதி வாசல்ல தொங்கவிட்டா எனக்கு எப்படி இருக்கும்? இன்னும் நல்லா சமைக்கறேன்! காரம் போடாமலே சமைக்கறேன்! அவங்க தங்கச்சியை அனுப்பின மாதிரி என்னை அனுப்பாதீங்க!"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "என் தங்கச்சி எங்க இதுக்குள்ள வந்தா?" என்றார் நேகெலே அம்மா. ஹிமேனா விக்கிக்கொண்டே போனை நீட்டினாள். அன்னெக்ரெட் கண்ணாடியைத் தேடிப் போட்டு, வாசித்து, விரலால் திரையைக் கீழே தள்ளினார்.

"கேரென். இரண்டாவது அர்த்தம்: துடைப்பத்தால் பெருக்குதல்."

எக்கார்ட் முதலில் கனைத்தார். அப்புறம் சிரித்தார். நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நேகெலே அம்மா, "பல் பிரஷ் வெச்சு..." என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, அவரும் பலகையால் வாயை மூடிக்கொண்டார். அன்னெக்ரெட் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ ஊர் நினைப்புல போகணும்னு தவிக்கறேன்னு நான் நினைச்சேன்" என்றார். "காலுறைக்கெல்லாம் இஸ்திரி போட்டியே. புத்தி பேதலிச்சவ மாதிரி."

"உங்களுக்கு என்னைப் பிடிக்கணும்னுதான்."

அன்னெக்ரெட்டின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் துடைப்பமும், வாளியும், ஈரத்துணியும் இருந்தன. மூன்றையும் ஹிமேனா கையில் திணித்தார்.

"எங்க வாரம் இன்னிக்கு சாயந்தரம் முடியுது. பெருக்கு. மேலேருந்து கீழே."

"ஐயோ, பரிமாற்ற மாணவி விருந்தாளி மாதிரி, வேலைக்காரி இல்ல" என்று ஸைலர் அம்மா பதறினார். "சங்கத்து விதிப்படி..."

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க, விதி நனையும்" என்றார் அன்னெக்ரெட்.

ஹிமேனா பெருக்கினாள். ஏற்கெனவே கண்ணாடிபோல் இருந்த படியில் பெருக்க ஒரு தூசிகூட இல்லை. ஆனாலும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு படியையும் பெருக்கி, துணியைப் பிழிந்து துடைத்துக்கொண்டே இறங்கினாள். கடைசிப் படி முடிந்தது. ஸைலர் அம்மா கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"சரி, குக்ஸ்ஹாவன்காரங்க என் பதிலுக்காகக் காத்திருக்காங்க. நான் என்ன சொல்ல?"

அன்னெக்ரெட் இறங்கிப் போய், சுவரும் படியும் சேருகிற மூலையில் ஒரு விரலை ஓட்டினார். அந்த விரலை எல்லார் முகத்துக்கு நேரேயும் நீட்டிக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா மூலையை? இந்த லட்சணத்துல பெருக்கறவளை இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பினா, போஸ்லர் வீட்டுல என்னத்தைக் கத்துக்கொடுத்தாங்கன்னு கேக்க மாட்டாங்க? எங்க மானம் என்ன ஆறது? ஜூன் வரைக்கும் இவ எங்கேயும் போகல. எழுதிக்குங்க."

வேகமான வட்டாரப் பேச்சு. ஹிமேனாவுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் புரிந்தது: ஜூன். அவளுடைய பரிமாற்ற வருஷம் முடிகிற மாதம். அவள் எக்கார்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்தபடி தலையை ஆட்டினார். துணியும் கையுமாக அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"ஏய் பொண்ணே, அழறதுன்னா வாளிக்குள்ள அழு!" என்று மேலேயிருந்து கத்தினார் நேகெலே அம்மா. "படியில உப்புக் கறை பிடிச்சா யார் தேய்க்கறது?"

"நான்தான்!" என்று அழுகைக்கு நடுவிலேயே பதில் கத்தினாள் ஹிமேனா. "ஜூன் வரைக்கும் நான்தான்!"