ரசமட்டம் பார்த்த முட்டி

என் அம்மாவும் அவன் அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அந்த முறையில் அவன் எனக்குத் தம்பி. டைல்ஸ் போடுகிறவன். உறவில் அவனுக்கு வைத்த பெயர் ரசமட்டம். தரை கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் நீர்க்குமிழி ஓடுகிற ஒரு கோல் வைத்திருப்பார்களே, அதுதான். யார் வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து அதை எடுத்துத் தரையில் வைப்பான். "அரை விரல் சரிஞ்சிருக்கு. எவன் போட்டான் இதை?" என்று கேட்ட பிறகுதான் கொடுத்த தண்ணீரைக் குடிப்பான். இவனை எந்த வீட்டில் இரண்டாம் முறை கூப்பிடுவார்கள்?

கலியாணமான புதிதில் மாமனார் வீட்டிலும் அதையே செய்தான். அந்தத் தரையைப் போட்டது மாமனாரே. மனிதர் முகம் சுருங்கிப் போனது. கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் அவருடைய கடைசி மகன், எட்டு வயதுப் பயல். அவன்தான் பிறகு கட்டட கான்ட்ராக்டர் ஆனான். என் தம்பி அவனிடமே வேலைக்குப் போகும்படி ஆயிற்று. அக்காள் புருஷன் என்று வாய்தான் மாமா போடும். அப்பன் முகம் சுருங்கியதை அவன் மறக்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் தம்பி இடது முட்டியைத் தரையில் ஊன்றித்தான் வேலை பார்த்தான். வலது காலை மடக்கி முன்னே வைத்து, வலது கையில் ரப்பர் சுத்தியல். கூட வேலை செய்தவர்கள் முட்டிக்கு மெத்தை வைத்த பட்டை கட்டிக்கொண்டார்கள். இவன் கட்டவில்லை. "மெத்தை வேணும்னா வீட்டுல போய்ப் படுங்கடா" என்பான். கடைசியில் அந்த முட்டி வீங்கியது. காலையில் எழுந்தால் கட்டையாக இருக்கும். மாடிப்படி இறங்கும்போது பல்லைக் கடிப்பான். உட்கார்ந்து எழ வேண்டுமென்றால் சுவரைப் பிடிப்பான்.

கான்ட்ராக்டர் அதைப் பார்த்துவிட்டான். அத்தனை ஆட்கள் முன்னால் சொன்னான்:

"மாமா, மூணு மாசத்துல பெரிய மண்டபம் ஒண்ணு ஆரம்பிக்குது. அன்னைக்கு செவுத்தைப் பிடிக்காம எந்திரிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா முதல் வரிசையை வேற ஆளு போடுவான். நீங்க ஓரமா உக்காந்து துண்டு வெட்டிக் குடுங்க."

"எனக்குக் கலவை குழைச்சவன்டா நீ."

"குழைச்சேன். நல்லாத்தான் குழைச்சேன். அதான் இன்னைக்கு நான் நிக்கிறேன், நீங்க உக்காந்திருக்கீங்க."

முதல் வரிசை என்றால் சும்மா இல்லை. அது எப்படிப் போகிறதோ அப்படித்தான் மண்டபம் முழுக்கப் போகும். அதைப் போடுகிறவன்தான் தலை ஆள். துண்டு வெட்டுவது நேற்று வந்தவன் வேலை. அன்று தம்பி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான், அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று பெண்டாட்டி சொன்னாள். அவன் போகவில்லை. "டைல்ஸ் மேல விரிசல் விட்டா கோளாறு மேலயா இருக்கும்? அடியில மட்டம் சரியில்லேன்னு அர்த்தம்" என்றான். செருப்பைக் கழற்றி நேராக நின்றுகொண்டு, ரசமட்டத்தை எடுத்து இடுப்பில் குறுக்கே பிடிக்க அவளிடம் சொன்னான்.

"குமிழி எங்க போகுது?"

"வலது பக்கம்."

"பார்த்தியா. இடது கால் குட்டை. பிறவியிலயே குட்டை. எங்கம்மா சொல்லவே இல்லை."

"உங்கம்மா சொல்லாதது அது ஒண்ணுதானா?" என்றாள் அவள். அவளும் கான்ட்ராக்டரின் அக்காள்தானே.

ஒரு பலகைத் துண்டைச் சீவி இடது ஷூவுக்குள் ஆப்பு மாதிரி வைத்தான். மறுபடி இடுப்பில் கோலை வைத்துப் பார்த்தால் குமிழி நட்ட நடுவில் நின்றது. மூன்று நாள் எல்லாரிடமும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டான். மூன்று வாரத்தில் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. தனக்குத் தானே ஆப்பு வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். காசு செலவில்லாமல் அதைச் செய்தவன் இவன் ஒருவன்தான்.

பெண்டாட்டி இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு முனையில் தேய்மானம் இருக்கிறது, இந்த வயதில் பலருக்கும் இருக்கும், இப்போது கத்தி வேண்டாம், முதலில் பயிற்சி செய் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பிசியோ அம்மா ஒருத்தி. சிரிப்பு என்பதே அந்த முகத்துக்குத் தெரியாது.

கட்டிலில் படுக்க வைத்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை டேப்பால் அளந்தாள். "ரெண்டும் ஒரே நீளம்" என்றாள்.

"உங்க டேப்பு தப்பு."

"அப்ப உங்க டேப்பைக் குடுங்க."

இவன் பாக்கெட்டில் இரும்பு டேப்பு இல்லாமல் இருக்குமா? அதிலும் அளந்தாள். ஒரே நீளம்.

"அப்ப குமிழி ஏன் சாய்ஞ்சுச்சு?"

"நீங்க முட்டியை நிமிர்த்தாம நின்னீங்க. மடக்கி நின்னா கால் குட்டையாத்தான் தெரியும். அதுக்கு அடியில கட்டை வேற வச்சுட்டீங்க. இனிமே நிமிர்ந்தா என்ன, நிமிராட்டி என்னன்னு முட்டி அப்படியே நின்னுருச்சு." பிறகு தொடையைச் சுற்றி அளந்தாள். வலதைவிட இடது நாலு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. "முட்டியைத் தாங்குறது இந்தத் தொடைச் சதை. வலிக்குதுன்னு இதுக்கு வேலை குடுக்கல. வீக்கம் இருந்தா இது தானாவே தூங்கிடும். சதை போச்சு, பாரம் பூரா எலும்பு மேல விழுது. வீட்டுக்குப் போனதும் அந்தக் கட்டையை அடுப்புல போடுங்க."

"முப்பது வருஷம் மட்டம் பார்த்தவன் நான்."

"தரைக்குப் பார்த்தீங்க. தரை வலிக்குதுன்னு மடங்கி நிக்காது."

வீடு வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். ஆனால் செய்தான். வேறு வழி இல்லை, இரண்டே மாதம்தான் பாக்கி. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியின் பின்பக்கம் கட்டிலில் படும்படி தொடையை இறுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை விடக்கூடாது. எண்ணுவது பெண்டாட்டி. கோபமாக இருக்கும் நாளில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

"எட்டு சொல்லுடி."

"பால் பொங்குதுங்க. பிடிச்சுக்கிட்டே இருங்க."

அடுத்தது நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. முதலில் உயரமான நாற்காலி, அப்புறம் அதைவிடத் தாழ்ந்தது, அப்புறம் முக்காலி. வேலையில் முட்டிப் பட்டை கட்டவும் பிசியோ அம்மா சொல்லியிருந்தாள். நாலு டைல்ஸுக்கு ஒரு தரம் எழுந்து முட்டியை மாற்றச் சொல்லியிருந்தாள். பட்டை கட்டிய அன்று கூட வேலை பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? "அண்ணே, மெத்தை வேணும்னா வீட்டுல போய்ப் படுக்கணுமாமே?" என்று அவன் சொன்னதை அவனுக்கே திருப்பினார்கள்.

வலி முழுக்கப் போகவில்லை. படி இறங்கும்போது இன்றைக்கும் முனகுகிறான். ஆனால் வீக்கம் வடிந்தது, கால் நிமிர்ந்தது. மறுபடி அளந்தபோது நாலு சென்டிமீட்டர் ஒன்றரையாகக் குறைந்திருந்தது. பிசியோ அம்மா அப்போதும் சிரிக்கவில்லையாம்.

மண்டப வேலை தொடங்கிய காலையில் கான்ட்ராக்டர் முந்திக்கொண்டான். மாமா எங்கே எழப்போகிறார் என்ற நிச்சயத்தில், ஆட்கள் வரும் முன்னே வந்து சுவரோரம் முதல் வரிசையில் ஒன்பது டைல்ஸைத் தன் கையாலேயே போட்டு வைத்திருந்தான். தம்பி அதைப் பார்த்தான்.

"உக்காருங்க மாமா. செவுரு அந்தப் பக்கம் இருக்கு, இப்பவே பார்த்து வச்சுக்குங்க."

தம்பி மண்டபத்தின் நடுவில் போய், எட்டிப் பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில், இடது முட்டியை ஊன்றி உட்கார்ந்தான். கை எதிலும் ஊன்றவில்லை என்று எல்லாரும் பார்க்க, பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். மெதுவாகத்தான் எழுந்தான். நெற்றி நரம்பு புடைத்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். எழுந்து நின்றான், இரண்டு காலும் நேராக. ஒருவரும் கை தட்டவில்லை. கான்ட்ராக்டர் அங்கே நிற்கும்போது யார் தட்டுவார்கள்?

"சரி, பத்தாவது டைல்ஸ்லேருந்து போடுங்க" என்றான் கான்ட்ராக்டர்.

தம்பி ரப்பர் சுத்தியலால் அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். மூன்றாவது, நாலாவது, ஏழாவது மூன்றும் பொக்கென்று சத்தம் கொடுத்தன. அடியில் கலவை சேரவில்லை. ரசமட்டத்தை வைத்தான். குமிழி ஒரு மூலையில் போய் ஒதுங்கியது.

"எடு."

"ஆளை எடுக்கச் சொல்றேன்."

"போட்டவன் எடுக்கணும். உங்கப்பன் வீட்டுத் தரையா இது, அப்படியே விட்டுட்டுப் போக?"

முப்பது வருஷத்துக்கு முந்திய கதை அது. அங்கே நின்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் அதன் கனம் தெரியும். கான்ட்ராக்டர் முகம் அவன் அப்பன் முகத்தைப் போலவே சுருங்கியது. கலவை இறுகினால் அத்தனையும் வீண் என்று அவனுக்குத் தெரியாதா? உட்கார்ந்தான். ஒன்பதையும் எடுத்தான். பத்து வருஷமாக நின்றே வேலை வாங்கிய உடம்பு, வயிறு வேறு முன்னே வந்துவிட்டது. எழப் போனவன் தன்னை அறியாமல் கையை நீட்டிச் சுவரைப் பிடித்தான்.

"அதை விடு மாப்ளே. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தம்பி முட்டிப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் டைல்ஸுக்குக் கலவையை அள்ளினான்.