காக்பிட்டுக்குக் கீழே என் பேர்

இரண்டு வருடமாக மொட்டை மாடியில் நானே வரைந்து, வெட்டி, ஒட்டிய ரிமோட் போர் விமானம். இறக்கை மட்டும் எட்டடி. முதல்முறையாகப் பறக்கவிட இன்று காலை மரக்காணம் கொண்டுபோனோம். தண்ணீர் பாய்ச்சாத உப்புப் பாத்தியை விட நல்ல ரன்வே எங்கள் பக்கம் கிடையாது.

நண்பன் செல்வம் டீ வாங்கப் போன நேரத்தில் போலீஸ் ரோந்து ஜீப் வந்து நின்றது.

போர் விமானத்தில் காக்பிட்டுக்குக் கீழே விமானியின் பெயரை எழுதுவது வழக்கம். நானும் ஆசையாக என் பேரை எழுதியிருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியவர் குனிந்து அதைத்தான் முதலில் படித்தார்.

"சாதிக்... நீதானா? எந்த ஊரு?"

"கோட்டக்குப்பம் சார்."

"இதுல என்னத்த கட்டி அனுப்பப் போற?"

"ஒண்ணும் இல்ல சார். பொம்மை சார்."

இரண்டு வருட உழைப்பை என் வாயாலேயே பொம்மை என்று சொன்னேன்.

ஆதாரும் போனும் அவர் கைக்குப் போனபோது செல்வம் வந்துவிட்டான். பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"இது என்னுது சார். பெயின்ட் அடிச்சது இவன், அதான் இவன் பேர எழுதிட்டான்."

"உன் பேரு?"

"செல்வம் சார்."

"நீயே செஞ்சியா தம்பி? சூப்பர்ப்பா!"

விமானத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது என் ஆதாரையும் போனையும் செல்வத்திடம்தான் கொடுத்தார்.

அதற்குமேல் பறக்கவிட மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாள் போட்டு என் பேரைத் தேய்த்து எடுத்துவிட்டேன்.

அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வராத பேராக ஒன்று சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன்.