தாண்டும் பொத்தான்

என் மேசை இழுப்பறையில் ஒரு ரிமோட் கிடக்கிறது. டிவி ரிமோட் இல்லை. தொண்ணூறுகளில் டிவியோடு மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி வந்ததே, அதற்குக் கையில் பிடித்து ஆடுகிற கட்டை. டப்பாவில் ஜாய்ஸ்டிக் என்று போட்டிருக்கும். ஓசூரில் எங்கள் கம்பெனியில் ரிமோட் என்றுதான் சொல்வோம். இடது பக்கம் திசைக்கு ஒரு கூட்டல் குறி, வலது பக்கம் இரண்டு பொத்தான்கள். அதில் சிவப்புப் பொத்தான் மட்டும் ஓர் ஓரமாகத் தேய்ந்து வெளிறிப் போயிருக்கிறது. தேய்த்தது அக்காவின் கட்டைவிரல். வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் "இதத் தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று மகள் கேட்பாள். கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. எங்கள் ஊர் பேரிகையிலிருந்து என்னோடு கம்பெனி வேனில் வந்துபோனவள், டெஸ்டிங் பெஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. லைனில் முடிந்து வரும் ஒவ்வொரு பெட்டியையும் டிவியில் மாட்டி, எல்லாப் பொத்தானும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஆடிப் பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. விளையாடுவதற்குச் சம்பளமா என்று ஊரில் கேலி செய்வார்கள். அக்காவுக்கு அது விளையாட்டு இல்லை. புருஷன் வீடு போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே வாங்கிய அடியில் அவளுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. ஒரு நாள் கட்டிய சேலையோடு ஓடி வந்து அண்ணன் வீட்டில் விழுந்தாள். அண்ணன் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் நாளே முடிவாகச் சொல்லிவிட்டார். "கம்பெனி வேல இருக்கற வரைக்கும் இங்க இரு. வேல போச்சின்னா உன் வூட்டுக்கு நீ போயிடணும். ஊரு வாய என்னால மூட முடியாது." அதனால் காலையில் வேன் ஹாரன் கேட்டதும் எல்லாருக்கும் முன்னால் ஏறி உட்காருவது அக்காதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவள் முகம் செத்துப்போய்விடும்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. பெங்களூர்க் கடைகளில் வெளிநாட்டுப் பெட்டிகள் எங்கள் விலையில் பாதிக்குக் கிடைத்தன. லைன் மெதுவானது, மதியத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்கள் நம்பிக்கையெல்லாம் ஒரே ஆள்மேல் இருந்தது. டிசைன் சார். மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னட வாசத்தோடு தமிழ் பேசுவார். நம் கம்பெனியே ஒரு புது கேம் கேசட் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொல்லி, இராப்பகலாக அதில் உட்கார்ந்திருந்தார். சுட வேண்டாம், குத்த வேண்டாம், ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போக வேண்டாம். ஒரு முழு ஊர் இருக்கும். அதில் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். கிராமத்துப் பெண் ஒருத்தி சங்கு ஊதுவதற்குள் பஸ்ஸைப் பிடித்து கம்பெனிக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் கேம். அதற்காக எங்கள் வேனில் ஏறி பேரிகைக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். ரோஜாத் தோட்டத்து வேலி, போர்வெல் பக்கத்துச் சேறு, டீக்கடை வாசலில் படுத்திருக்கும் கறுப்பு நாய், எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக டிவியில் வந்துவிட்டன.

முதல் தடவை அதை ஆடிப் பார்க்க அக்காவைத்தான் கூப்பிட்டார். அவள் கை அவ்வளவு சுத்தம். நான் பின்னால் நின்று பார்த்தேன். அக்கா அந்தப் பெண்ணை பஸ் பக்கம் கொண்டுபோகவே இல்லை. எதிர்ப்பக்கம் திருப்பி, ராகிக் காட்டைத் தாண்டி, ஏரிக்கரை மேலே நடத்திக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் படம் நின்றுவிட்டது. "இதுக்கு அப்பால என்னா சார்?" என்றாள். இன்னும் வரையவில்லை என்றார் சார். "வரைங்க சார்" என்றாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆனால் பஸ் பிடிக்கிற வேலைக்குத் திரும்பியதும் சண்டை ஆரம்பித்தது. சேற்றில் கால் வைத்தால் வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றி வரவேண்டும். நாய் எழுந்தால் அது போகும்வரை நிற்கவேண்டும். பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு உண்மையாகவே காத்துக் கிடக்கவேண்டும். அக்கா ரிமோட்டை பெஞ்சில் வைத்துவிட்டாள். "தெனமும் காலையில இதே பொழப்பு சார். வூட்டுக்குப் போயி டிவியிலயும் பஸ்ஸுக்கு ஓடணுமா? அவ ஒரு குதி குதிச்சா என்னா கொறஞ்சிடும்?" சாருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. "நிஜமா இருக்கணும்மா. பஸ் போயிடுமோன்னு ஆடறவங்க வயித்துல ஒரு பயம் வரணும். அது வந்தாத்தான் அவங்க உள்ள இருக்காங்கன்னு அர்த்தம்." அக்கா பட்டென்று சொன்னாள்: "அந்தப் பயம் எனக்கு வூட்லயே கெடக்குது சார். காசு குடுத்து வேற வாங்கணுமா?"

சார் இரண்டு மூன்று நாள் எங்கள் பக்கமே வரவில்லை. பிறகு வந்து, கேசட்டை மாட்டி, "சிவப்பை அழுத்துங்க" என்றார். பெண் குதித்தாள். என்ன குதி! சேறு போச்சு, நாய் போச்சு, ரோஜா வேலி போச்சு. ஒரு கூரைமேல் ஏறி அடுத்த கூரைக்குத் தாவினாள். "ஏய், அது எங்கண்ணன் வூடுடி!" என்று அக்கா கத்தினாள். சாப்பாட்டு நேரம், லைன் பெண்கள் எல்லாம் டிபன் டப்பாவோடு வந்து கூடிவிட்டார்கள். தெலுங்கில் ஒருத்தி, கன்னடத்தில் ஒருத்தி, தமிழில் ஒருத்தி என்று ஆளுக்கொரு பக்கம் வழி சொன்னார்கள். அக்கா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கம்பெனி கேட்டையே தாண்டி உள்ளே இறங்கினாள். இந்த கேசட் விற்கும், நம் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று அன்றைக்கு நான் சத்தியமாக நம்பினேன். சார் மட்டும் சுவரோரம் நின்று, தான் கட்டிய ஊரை அவள் மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி இருந்தார். "எல்லாத்தையும் தாண்டிட்டா அப்புறம் ஊர் எதுக்கு?" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

சென்னையிலிருந்து பெரிய மொத்த வியாபாரி ஒருவர் பார்க்க வந்தார். அவர் சரி என்றால் லைன் ஓடும், இல்லையென்றால் மூடுவிழா. இது கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். ஆடிக் காட்டுவதற்கு அக்காவை உட்கார வைத்தார்கள். நெற்றியில் மலைக்கோயில் விபூதி, நல்ல சேலை. கேசட் ஓட ஆரம்பித்தது. சேறு வந்தது. அக்கா சிவப்பை அழுத்தினாள். பெண் குதிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பெண் சேற்றில் நின்றாள். அக்கா திரும்பி சாரைப் பார்த்தாள். அவர் முகம் வேர்த்திருந்தது. "அதை எடுத்துட்டேன்மா. நிஜமா ஆடுங்க, டைம் இருக்கு" என்றார். அக்கா அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சேலை மாற்றி அழைத்து வந்தாள். நாய் எழுந்தது. நின்றாள். அந்த நேரம் முழுக்க அவள் கட்டைவிரல் சிவப்பை அழுத்திக்கொண்டே இருந்தது. டிவியில் பஸ் வந்து நின்று, பெண்ணை ஏற்றாமல் போய்விட்டது. வியாபாரி சத்தமாகச் சிரித்தார். "இதுக்கு நான் டிக்கெட் எடுத்து நெஜ பஸ்ஸிலயே போயிடுவேனே சார்!" காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மாதம் கேட்டில் பூட்டு விழுந்தது. சாரை எவ்வளவு திட்டியிருப்பேன்! பாவி மனுஷன், ஒரு பொத்தானை விட்டுவைத்தால் என்ன? ஆனால் எனக்கே ஒன்று விளங்கவில்லை. குதித்துக் குதித்து ஆடியிருந்தாலும் அந்த வியாபாரி வாங்கியிருப்பாரா, யார் கண்டது? பாதி விலைக்கு வெளிநாட்டுப் பெட்டி அப்போதும் கடையில் இருந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. அந்தக் கேசட்டில் எனக்கு இன்றைக்கும் மறக்காதது குதித்தது இல்லை. டிவியில் அந்த பஸ் போனபோது வயிற்றில் விழுந்த அடிதான். சார் கேட்ட பயம் அதுதான். அவர் சொன்னது நடந்துவிட்டது, நாங்கள் நாசமாய்ப் போனோம். இரண்டையும் சேர்த்துவைத்து யோசித்தால் இன்றைக்கும் எனக்குத் தலை வெடிக்கிறது.

அக்காவை அழைத்துப் போகப் புருஷனே வந்தான். வழியனுப்ப நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கம்பெனியில் மிச்சம் மீதியை வாரிக் கொடுத்தபோது அவள் எடுத்து வைத்திருந்த ரிமோட்டை என் கையில் திணித்தாள். "அங்க டிவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீயே வெச்சிக்கோடி" என்றாள். புருஷன் முன்சீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் கிளம்புகிற வரைக்கும் என் உள்ளங்கையில் அவள் கட்டைவிரல் மட்டும் அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது. இறங்கி வாக்கா என்று கூப்பிட எனக்கு ஒரு வீடு இல்லை, ஒரு வேலை இல்லை. பஸ் போய்விட்டது.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு தடவை அந்தக் கிராமத்துக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. குவாரி வேலைக்குக் கர்நாடகா பக்கம் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். அந்த வீட்டுப் பொம்பளையும் கூடப் போனாளா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் மகள் ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தாள். பனி மலை, பெரிய காடு, குதிரைமேல் ஒருத்தன். எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். அவனுக்குப் பசிக்கும், குளிரும், குதிரைக்குத் தீனி வைக்கவேண்டும். "எவ்ளோ நிஜமா இருக்கு பாரும்மா!" என்று பூரித்துப்போனாள். கொடுடி என்று வாங்கி, குதிக்கிற பொத்தான் எது என்று கேட்டு அழுத்தினேன். அவன் ஒரு சாண் எழும்பி அதே இடத்தில் விழுந்தான். "அவ்ளோதாம்மா. மனுஷனால நிஜத்துல அவ்ளோதான் குதிக்க முடியும்" என்றாள் மகள்.

நான் எழுந்து வந்து இழுப்பறையைத் திறந்தேன். ரிமோட்டை எடுத்து, வெளிறிய ஓரத்தில் என் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் இன்னும் உள்ளே போய், திரும்ப மேலே வருகிறது.