நான் வெட்டிய ஓரம்

மூன்று வருடங்களுக்கு முன், கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் நடந்தது. சூலூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் அப்போது வளைகுடா நாடொன்றில், பாலைவனத்தின் நடுவே குழாய்கள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் காவலாளி. பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஒரு டப்பா மூடியில் தண்ணீர் வைத்துவிட்டு நிழலில் கால் நீட்டி உட்காருவார். குடிக்க வரும் பறவைகளை மொபைலில் படமெடுத்து அனுப்புவார். "இது என்ன குருவி அம்மணி?"

பறவைகள் என்றால் எனக்குப் பைத்தியம். எக்செல்லில் பட்டியல் போட்டேன்: அலகு, கண்பட்டை, வால், கால் நிறம். படம் வந்ததும் ஓரங்களை வெட்டிவிட்டு, பறவையை மட்டும் பெரிதாக்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுவேன்.

மணல் நிற முதுகும் கருப்புத் தொண்டையுமாக ஒரு சின்னப் பறவை மட்டும் பிடிபடவில்லை. ஒரு மாதத்தில் நான்கு படங்கள் கேட்டு வாங்கினேன்.

"வால் தெரியலைங்ணா. எந்திரிச்சுக் கிட்டப் போய் எடுங்க."

"எந்திரிக்க முடியல கண்ணு. அதுவாக் கிட்ட வந்தாத்தான்."

"சரியான சோம்பேறிங்ணா நீங்க!"

சிரித்தார். மறுநாள் நான்காவது படம் வந்தது. பட்டியலை நிரப்பினேன். கால்: கருப்பு.

அடுத்த வாரம் அவருடன் வேலை செய்பவர் போன் செய்தார். ஆணி குத்திய புண். சர்க்கரை இருந்தது யாருக்கும் தெரியாது. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் ஊன்றுகோலோடு வீடு வந்த அன்று, அந்தப் பறவையின் பழைய படங்களை முழுதாகத் திறந்தேன். நான்கிலும் இடது கீழ் மூலையில் அவருடைய பாதம். முதல் படத்தில் ஒரு பிளாஸ்திரி. இரண்டாவதில் துணிக்கட்டு. மூன்றாவதில் வீக்கம். நான்காவதில் விரல்கள் கறுத்திருந்தன.

"ஏனுங்ணா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அம்மா அழுவும். படத்துல நீ பாத்துப்போட்டுக் கேப்பேன்னு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. பிறகு அவரே கேட்டார். "அந்தக் குருவி பேரக் கண்டுபுடிச்சயா கண்ணு?"

கண்டுபிடித்திருந்தேன். பெயர், இனம், வலசை வரும் மாதங்கள் எல்லாம் என் பட்டியலில் இருக்கின்றன. இல்லை என்றுதான் தலையாட்டினேன். அந்தப் பெயரை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.