வளருற பிள்ளைக்கு வாங்கிய ஹெல்மெட்

முதலில் என் மடத்தனத்தை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தால், அங்கே நாளுக்கு நாலு தலையாவது உடையும் என்று நம்பினவன் நான். யாழ்ப்பாணத்தில் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு திரிந்தோம். சந்தியில் பொலிஸ் நின்றால் மட்டும் அது தலைக்கு ஏறும். நாங்கள் வந்து குடியேறின இந்த நாட்டில், பொலிஸே இல்லாத பனிமலையில் கேட்கிறார்கள் என்றால், உண்மையாகவே தலைக்காகத்தான் இருக்கவேண்டும். இந்த ஞானம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் ஆரணி ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தால் பனிச்சரிவில் சறுக்கும் ஸ்கீ பழகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். படிவத்தில் கையெழுத்து வைத்தால் மலை. வைக்காவிட்டால் வகுப்பு முழுக்கப் போக அவள் மட்டும் லைப்ரரியில். "உங்கட பயத்தை அவளுக்கும் ஊட்டாதேங்கோ," என்றாள் மனைவி. வைத்தேன். பிறகு உதவிக்கு வாறன் என்று நானும் பஸ்ஸில் ஏறிவிட்டேன், உருண்டு வரும் பிள்ளையைக் கீழே நின்று ஏந்தலாம் என்பதுபோல.

ஹெல்மெட்டும் நான்தான் வாங்கினேன். வளருற பிள்ளை, மூன்று வருஷமாவது கிடக்கட்டும் என்று எங்கட வழக்கப்படி இரண்டு சைஸ் பெரிசாக. இடைவெளியை அடைக்க ஒரு கம்பளித் தொப்பி. மலையடிவாரத்தில் ஹெல்மெட் சரிபார்க்கிற பெண் தொப்பியை உருவிவிட்டு, தலையை ஆட்டச் சொன்னாள். ஆரணியின் தலை திரும்பியது. ஹெல்மெட் முன்னே பார்த்தபடி நின்றது.

"வளருற பிள்ளை," என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"பின்னேரத்துக்கிடையில் வளரமாட்டாளே," என்றாள் அவள். இதோடு மேலே விடமுடியாதாம்.

வீதி சுற்றின தேர் இருப்புக்கு வந்ததுபோல் எனக்குள் ஒரு நிம்மதி, முகத்தில் சிரிப்பு. ஆரணி என் முகத்தைப் பார்க்கும் வரைக்கும்தான்.

"அப்பா, டிட் யூ டூ திஸ் ஒன் பர்ப்பஸ்? வேணுமெண்டு பெரிசா வாங்கினனீங்களா?"

இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் சிரிப்பு இன்னும் வடியாத முகத்தோடு அதை எப்படிச் சொல்வது? அளவான ஹெல்மெட் வாடகைக்கு இருக்கிறதாம். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். அந்தப் பெண் பேனையை என் கையில் தந்தாள். பின்னால் இருபது பிள்ளைகள் வரிசையில், முன்னால் ஆரணி. இரண்டாம் தரமும் வைத்தேன்.

ஸ்கீ சப்பாத்து இல்லாதவர்கள் சரிவுப் பக்கம் வரக்கூடாது என்று என்னை உள்ளே இருத்திவிட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், கோப்பியோடு. அவள் மூன்று தரம் விழுந்தாள். மூன்று தரமும் தானே எழும்பி, திரும்ப வரிசையில் போய் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.