நிம்மதியான நகரத்தில் ஒன்பதாம் எண்

அவளுக்குக் கதவு தட்டுகிற வேலை. அதனால் கணவர் கேலியாக வைத்த பெயர் கதவுதட்டி. கூட வேலை பார்த்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெருநகரங்களில் மனுஷர்கள் எவ்வளவு அழுத்தத்தில் வாழ்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் கிளம்பியது. பதினான்கு நகரங்களில் ஆள் எடுத்து, ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. நாற்பத்திரண்டு கேள்விகள். கடந்த வாரத்தில் எத்தனை நாள் ஒழுங்காகத் தூங்கினீர்கள், எத்தனை முறை காரணமில்லாமல் எரிந்து விழுந்தீர்கள் என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். எல்லாம் கேட்டு முடிக்க இருபது நிமிடம் ஆகும்.

காலை எட்டரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், ஒருத்தரை நிறுத்தி இருபது நிமிடம் பேச வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்த மகானை அவள் ஒரு தடவையாவது நேரில் பார்க்க ஆசைப்பட்டாள்.

ஆனாலும் அந்த வேலையை அவள் மனசாரச் செய்தாள். காரணம் ஒரு பஸ். அவர்கள் குடியிருந்தது நகரத்தின் விளிம்பில், நாலு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற குடியிருப்பில். ஊருக்குள் வர இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கணவருக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவள் காலையில் கிளம்பிய பிறகுதான் அவர் வீடு திரும்புவார். சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்குகிற அதே நிறுத்தத்தில் அவர் ஏறக் காத்திருப்பார். இடையில் கிடைப்பது பதினோரு நிமிடம். தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, வீட்டுக்காரன் என்ன சொன்னான், முதுகுவலி எப்படி இருக்கிறது, எல்லாம் அந்தப் பதினோரு நிமிடத்துக்குள். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட அதற்குள் முடித்தாக வேண்டும். பாதியில் பஸ் வந்துவிட்டால் மிச்சத்தை மறுநாள்தான் போட முடியும்.

அழுத்தம் அதிகம் என்று அறிக்கை வந்தால் வெளிக் குடியிருப்புகளுக்கு நேரடி பஸ் விடுவதாக மாநகராட்சி சொல்லியிருந்தது. நேரடி பஸ் வந்தால் அவள் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டில் இருப்பாள். வார நாளில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடலாம். அவள் கேட்டது இவ்வளவுதான். இதைக் கேட்கப் பதினான்கு நகரத்து ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

முதல் வாரமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு வீட்டில் பாதி பின்னிய ஜடையோடு ஒரு சிறுமி கதவைத் திறந்தாள். பின்னால் அம்மா, வாயில் சீப்பைக் கடித்துக்கொண்டு, கையாலேயே போகச் சொன்னாள். இன்னொரு வீட்டில் ஒருத்தர் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார்; இன்னொன்றைத் தேடிக்கொண்டே, "நேரமில்லைங்க, சத்தியமா நேரமில்லை" என்றார். மாடிப்படியிலேயே வைத்து அவளைத் தாண்டி ஓடியவர்கள் எத்தனையோ பேர். மூன்று தடவை போயும் பதில் கிடைக்காத வீட்டுக்கு டேப்லெட்டில் ஒன்பது என்று போட வேண்டும். ஒன்பதுக்கு நேரே, "விருப்பமில்லை" என்று அச்சடித்திருந்தது.

விருப்பமில்லையாம். அந்த அம்மாவுக்குப் பேச விருப்பமில்லை என்று யார் சொன்னது? வாயில் சீப்பு இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் கதவுதட்டி, ஒன்பது போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே குறிப்புக் கட்டத்தில் தான் பார்த்ததை எழுதினாள். 'நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.' 'அழுகிற குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடினார்.' 'பேச ஆரம்பித்தார், போன் வந்தது, முகம் மாறிவிட்டது, கதவைச் சாத்திவிட்டார்.' அறுநூறு கதவு தட்டியதில் நானூற்றுச் சொச்சம் இப்படி. மிச்சப் பேர், அதாவது இருபது நிமிடம் உட்கார்ந்து பதில் சொன்னவர்கள், யாரென்றால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வாடகை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், கார் ஓட்ட ஆள் வைத்திருப்பவர்கள். நல்ல மனுஷர்கள்தான். உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. பதினான்கு பெருநகரங்களில் அழுத்தம் குறைந்த நகரங்களின் பட்டியலில் அவர்கள் நகரத்துக்கு இரண்டாம் இடம். பேப்பரில் பூங்கா படம் போட்டிருந்தார்கள். நேரடி பஸ்ஸுக்கு இப்போது அவசியமில்லை என்று மாநகராட்சி ஒரே வரியில் முடித்துக்கொண்டது.

அவள் விடுவதாக இல்லை. நேராக மேற்பார்வையாளரிடம் போனாள். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் அவருக்கு சதவீதம் என்றே பெயர்.

"சார், ஒன்பது போட்ட வீடெல்லாம் எங்கே போச்சு?"

"அதெல்லாம் கணக்குல வராதும்மா. விருப்பமில்லாதவங்களை எப்படிச் சேர்க்கிறது? அறுபத்தெட்டு சதவீதம் அப்படி. எடுத்தாச்சு."

"விருப்பமில்லாம இல்லை சார், நேரமில்லை. நேரமில்லாதவங்களைத் தூக்கிட்டு, நேரம் இருக்கிறவங்களை மட்டும் கேட்டா ஊரு நிம்மதியாத்தானே தெரியும்? நான் குறிப்பு எழுதியிருந்தேனே."

"குறிப்புக் கட்டம் விலாசம் திருத்துறதுக்கும்மா. நீங்க என்னென்னமோ எழுதியிருந்தீங்க. அழிச்சுட்டாங்க."

நானூறு வீட்டு வாசலில் நின்று பார்த்ததை ஒரு ஆள் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரே தட்டில் அழித்துவிட்டான். அவள் விடவில்லை. எந்தெந்த வீடு ஒன்பது என்று பட்டியலைக் காட்டச் சொன்னாள். சதவீதம் முணுமுணுத்துக்கொண்டே திரையைத் திருப்பினார். அவள் குடியிருப்புப் பகுதிக்கு வேறொருவர் போயிருந்தார். ஓய்வு பெற்ற குமாஸ்தா, எல்லோரும் ரிட்டயர்டு என்று கூப்பிடுவார்கள். அவர் போட்ட ஒன்பதுகளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் மூன்றாவது கட்டடத்தில் நின்றாள். அவள் வீடு. மூன்று தடவை தட்டியிருக்கிறார். மூன்று தடவையும் அவள் ஊருக்குள் யார் யார் கதவையோ தட்டிக்கொண்டிருந்தாள். கணவர் ராத்திரி முழிப்புக்குப் பதிலாக அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். விருப்பமில்லை.

"இது என் வீடு சார்" என்றாள். "எனக்கு விருப்பம் இருக்கு. என்னை எழுதுங்க."

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சதவீதம் மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். சொன்னபடி எழுதவும் செய்தார். அந்த மட்டும் நல்லவர். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஒன்பது போட்ட வீடுகளுக்கு இன்னொரு தடவை போகலாம். மக்களுக்கு நேரமில்லை என்பதால், நேரம் இருக்கிற நாளில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை எவன் சார் அவதிப்படுறான்? செவ்வாய்க்கிழமை கேளுங்க, வியாழக்கிழமை கேளுங்க" என்றாள்.

"அன்னிக்கு நேரமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

 தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. போதாக்குறைக்கு, இப்படி எட்டு வாரம், எட்டு ஞாயிறும் அவளும் வேலைக்கு வர வேண்டுமாம். அவளுக்கும் கணவருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது வாரத்தில் அந்த ஒரு நாள். முடியாது என்றாள். வராதவர்களுக்கு அடுத்த கணக்கெடுப்பில் இடமில்லை என்றார்கள். சரி என்று டேப்லெட்டை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஊருக்குள்ளேயே ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. அதே இரண்டு பஸ், அதே பதினோரு நிமிடம்.

மூன்றாவது ஞாயிறு, மத்தியானம் ஒன்றரை மணி. அவள் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். கணவர் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கூடத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கதவு தட்டுகிற சத்தம். கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தட்டலை அவளுக்குத் தெரியாதா?

ரிட்டயர்டு உள்ளே வந்து, ரொம்ப மரியாதையாகக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சுருக்கமான கேள்வித்தாள் இப்போது, ஆறே கேள்வி. அடுப்பை அணைத்துவிட்டு அவள் வருவதற்குள், கரண்டியைக் கழுவி வைக்கிற நேரத்துக்குள், குரல்கள் கேட்டன.

"இப்ப உங்க மனசு எப்படிங்க இருக்கு? ஒண்ணுன்னா நிம்மதி, அஞ்சுன்னா தாங்கல."

"இப்பவா? ஒண்ணு போடுங்க."

"குடும்பத்தோட செலவழிக்கிற நேரம் போதுமா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. இதோ சாப்பிடத்தானே போறோம்."

அவள் முட்டைத் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது ரிட்டயர்டு டேப்லெட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதை அழிங்க. என்னைக் கேளுங்க. நான் சொல்றேன்."

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் தங்கச்சி. உங்களுக்குத் தெரியாததா?" என்று எழுந்தார். கோபமில்லை அவருக்கு, கிண்டலும் இல்லை. "இந்தக் கட்டடத்துல எல்லாரும் நல்லாப் பேசுறாங்க. போன தடவை ஒருத்தரும் கதவே திறக்கலை."

அவர் போன பிறகும் அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. கணவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் இப்படி நிக்கிறே? நான் என்ன தப்பாச் சொன்னேன்? ஆறு நாளைக்கப்புறம் நீ வீட்ல இருக்கே. சாப்பாடு சூடா இருக்கு. இப்ப வந்து எப்படி இருக்குன்னு கேட்டா, நல்லா இருக்குன்னுதானே சொல்லுவேன்?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நாளைக்குச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வைத்து விளக்கலாம் என்றால் அதற்குப் பதினோரு நிமிடம் பத்தாது. அவள் அவர் தட்டில் முட்டையைப் போட்டாள்.

"நீங்க பொய் சொல்லலைங்க" என்றாள். "அதுதான் எனக்கு வயித்தெரிச்சலே."