டப்பா மூடியில் மூன்று நாள்

புகார் எத்தனை பக்கம் இருந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறார். பேனாவைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்முனையை ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓட்டிக்கொண்டே போவார். உதடு அசையும், சத்தம் வராது. "முதல் பக்கம் பூரா 'மதிப்பிற்குரிய ஐயா'தான் இருக்கும். அழுகை கடைசி நாலு வரியிலதான்" என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்த நாலு வரியைப் படித்த பிறகே ஜன்னலுக்கு வெளியே நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார்.

புகார்களைப் பதிவு செய்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பதிவக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குறைதீர்ப்பாளர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அரசு அலுவலகங்கள் செய்யும் தவறுகளை விசாரிக்க அரசே நியமித்தவர் குறைதீர்ப்பாளர். மூன்றாம் மாடியில் இருக்கிறார். அவரை நேரில் பார்த்தவர்கள் குறைவு என்பதால், பதிவக்காவையே குறைதீர்ப்பாளர் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

"நீங்களே பாத்து ஒரு தீர்ப்பு சொல்லிடுங்கம்மா" என்று ஒரு பெரியவர் கெஞ்சினார்.

"நான் சீல் குத்தற ஆளுய்யா. தீர்ப்பு மாடியில. லிஃப்ட் ரிப்பேர்."

"எப்ப சரியாகும்?"

"அதுக்கும் ஒரு புகார் போட்டிருக்கோம். வரும்."

கால் வீங்குவதால் செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கு அடியில் கிடக்கும் ஆண்டறிக்கைக் கட்டின் மேல் பாதங்களைத் தூக்கி வைத்திருப்பார். வந்த புகார்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று தீர்க்கப்பட்டதாக அந்த அறிக்கைகளின் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. "மெத்துனு இருக்கு" என்றார், நான் அதைக் கவனிப்பதைப் பார்த்துவிட்டு.

நான் போனது என் சொந்தப் புகாரோடு. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பினால், குடியிருப்போர் பட்டியலில் என் பெயர் இல்லை. சேர்க்க மறுத்த அலுவலகத்தின் மீது அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த ஆபீஸ்ல உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லை."

"ரொம்ப நல்லது" என்று உடனே சீல் குத்தி, தேதி போட்ட ரசீதைக் கையில் கொடுத்தார். ஆனால் அதோடு இணைக்க வேண்டிய காகிதங்களில் தினமும் ஏதாவது ஒன்று குறைந்ததால் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளும் ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார நேர்ந்தது. அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்கிறார் என்பதும், ஏன் கேட்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

எந்த அலுவலகத்தின் மீது புகாரோ, அந்த அலுவலகத்துக்கே அதன் நகல் முதலில் போகும், விளக்கம் கேட்டு. கொடுத்தவரின் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாவற்றோடும் போகும். விளக்கம் வந்து சேர்ந்துவிட்டால் புகார் தீர்ந்ததாகக் கணக்கு. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு டீச்சர், தலைமை ஆசிரியரைப் பற்றி ஒரு புகார் கொடுத்தாராம். பதிவக்கா அன்றே அனுப்பினார். அடுத்த வாரம் அந்த டீச்சருக்கு இரண்டு பஸ், ஒரு படகு மாறிப் போகும் ஊருக்கு மாற்றல். கிளம்புவதற்கு முன் அவர் கைக்குழந்தையோடு இந்த ஜன்னலுக்கு வந்தார். "ஒண்ணுமே சொல்லல. நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்" என்றார் பதிவக்கா.

அன்றிலிருந்துதான் மேசையின் இடது ஓரத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடி இருக்கிறது. எழுதியவருக்கு ஆபத்து வரும் என்று பதிவக்காவுக்குத் தோன்றும் புகார் மூன்று நாள் அதில் கிடக்கும். சீல் இல்லை, எண் இல்லை, ரசீது இல்லை. யோசித்து, பயந்து, பாதிப் பேர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விதியில் இல்லாத இந்த ஏற்பாட்டை மேலாளர் கண்டிக்கவில்லை. திரும்பிப் போகும் புகாருக்கும் ஒரு எண் போட்டு, குறிப்புக் கட்டத்தில் 'வாபஸ்' என்று எழுதச் சொல்லிவிட்டார். வாபஸும் தீர்ந்த கணக்கில்தான் சேரும்.

"டீ ஆத்துற மாதிரிதான்" என்றார் புகார்க் கட்டுகளைச் சுமந்து போகும் தபால்காரர். "அக்கா கையால மூணு நாள் ஆத்தினா எப்பேர்ப்பட்ட சூடும் எறங்கிடும்."

"நீ வாய ஆத்து முதல்ல" என்றார் பதிவக்கா.

திங்கட்கிழமை பகலில் வந்தவள் ஒரு தையல்காரப் பெண். முப்பது வயது இருக்கும். ரவிக்கையின் தோளில் குத்திய இரண்டு ஊசிகளை எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தாள். ஒரே பக்கப் புகார். அவளுடைய தம்பி அரசு மனநலக் காப்பகத்தில் இருக்கிறான். பேச்சு வராது. பார்க்கப் போனபோது இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இறுகிய தடம், முதுகு வரிவரியாகக் கன்றிப்போயிருந்தது.

"தம்பி இன்னும் அங்கதான் இருக்கானா?"

"ஆமாக்கா."

"வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாதா?"

"ஒரே ரூம்தான்க்கா. கத்தரிக்கோல், ஊசின்னு எங்க பாத்தாலும் கெடக்கும். போன தடவை கையக் கிழிச்சிக்கிட்டான்."

"இதுக்கு நான் சீல் குத்தினா நாளைக்குக் காலையில காப்பாளர் மேசையில இருக்கும். உன் பேரோட, அவன் பேரோட."

"பேர மறைச்சி அனுப்ப முடியாதா?"

"மறைச்சா அது மொட்டைக் கடுதாசி. மேல வாங்க மாட்டாங்க."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் என்னதான்க்கா பண்றது?"

"மூணு நாள் எங்கிட்ட இருக்கட்டும். அவனுக்கு வேற எடம் எதாவது அமையுதான்னு பாரு. வேணாம்னு தோணிச்சுன்னா வா, குடுத்துடறேன். இல்லன்னா வியாழக்கிழமை சாயங்காலம் சீல் குத்தி ரசீது தரேன்."

தாள் மூடிக்குப் போனது. செவ்வாய் அங்கேயே கிடந்தது, புதனும் கிடந்தது.

வியாழன் காலை பதினொரு மணிக்கு அவள் ஓடி வந்தாள். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

"தம்பி ஆஸ்பத்திரியில இருக்கான்க்கா. மண்டையில ஒம்போது தையல். நேத்து மாடிப்படியில உருண்டுட்டானாம்." மூச்சு வாங்கினாள். "அங்க மாடியே இல்லக்கா."

பதிவக்காவின் பேனா மேசையில் விழுந்தது.

"சாயங்காலம் திரும்பவும் அங்கயேதான் அனுப்புவாங்களாம். அவன் விழுந்ததும் பழி போட வந்துட்டியான்னு காப்பாளர் கேக்கறாரு. திங்கக்கிழமையே புகார் குடுத்திருக்கேன்னேன். எங்க, பேப்பரக் காட்டுன்னாரு. அவன் விழறதுக்கு முந்தின தேதியில எதாவது இருந்தா அவன அனுப்பாம வெச்சிக்கறேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு அந்த ரசீது குடுங்கக்கா."

பதிவக்கா பதிவேட்டைத் திறந்தார். தினமும் மாலையில் கடைசி எண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்து மேலாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். திங்கட்கிழமையின் கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழைகூட இடம் இல்லை. அந்தக் கோட்டை நேராக இழுத்ததும் அவரேதான்.

பின்னால் கட்டோடு நின்ற தபால்காரர் குனிந்து, "இன்னிக்கித் தேதி போட்டுக் குடுத்துடுங்கக்கா. நம்மால அவ்வளவுதான் முடியும். ரிடையராக ஏழு மாசம் இருக்கு. சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்காதீங்க" என்றார்.

"அன்னைக்கே அனுப்பியிருந்தீங்கன்னா அவனுக்கு இப்படி ஆயிருக்காதில்லக்கா?" என்றாள் தையல்காரப் பெண். குற்றம் சாட்டும் குரலாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பதிவக்கா வாயைத் திறந்தார். டீச்சர் கதையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெரியலம்மா" என்றார். "இன்னும் சீக்கிரமா விழுந்திருப்பானோ என்னமோ. எனக்கு நிஜமாவே தெரியல."

மூடியிலிருந்து தாளை எடுத்து அன்றைய தேதியில் சீல் குத்தினார். எண் போட்டார். 'வாபஸ்' என்று எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்தவர் எழுதிக்கொண்டே போனார். கட்டம் போதாமல் எழுத்து பக்கத்தின் ஓரம்வரை வழிந்தது. தபால்காரர் "அக்கா, அக்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தான் அங்கே இல்லாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியாட்கள் கண்ணில் படக்கூடாத அந்தப் பதிவேட்டை அவர் அப்படியே திருப்பி, ஜன்னல் கம்பியோரம் தள்ளினார். அவள் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். 'இந்தப் புகார் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் கையில் தரப்பட்டது. பதிவு செய்யாமல் மூன்று நாள் நான் வைத்திருந்தேன்.' கீழே முழுப் பெயர், பதவி, கையெழுத்து.

"இன்னிக்கித் தேதி போட்ட ரசீது உனக்குச் செல்லாது. இதப் போன்ல படம் புடிச்சிக்க" என்றார். "இப்பவே. மேலாளர் எறங்கி வந்துட்டா இந்தப் பக்கமே இருக்காது."

அவள் போனை எடுத்தாள். முதல் படம் கலங்கி விழுந்தது. இரண்டாவது முறை போனைத் தூக்கியபோது வாசல் காற்றில் தாள் மேலெழும்பியது. பதிவக்கா கையை நீட்டி, தன் கையெழுத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலை ஊன்றி, அவள் எடுத்து முடிக்கும்வரை அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.